கடைசி வீட்டுக்குப் போகாத மாதா

என் மடைத்தனத்தை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு வெட்கமாக இருக்கும். பத்து வயது வரைக்கும் நான் செபத்தையும் பிறருக்கு உதவுவதையும் பஸ் நிலையத்துக் கழிப்பறையைப் போல விளங்கி வைத்திருந்தேன். இரண்டு கதவுகள். ஒன்றில் பெண் படம், மற்றதில் ஆண் படம். முழங்காலில் நின்று செபிப்பது பெண்களுக்கு. ஓடித்திரிந்து உதவுவது ஆண்களுக்கு. கதவு மாறி நுழைந்தால் உள்ளேயிருந்து யாராவது கத்துவார்கள் என்பதால் நான் இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். அந்த நடு இடத்தில் வேலை ஒன்றும் இல்லை என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆதாரம் இல்லாமல் இந்த முடிவுக்கு வரவில்லை. அம்மாவின் முழங்கால்கள் இரண்டும் கறுத்துத் தடித்துப் போயிருந்தன. அப்பாவின் முழங்கால்கள் குழந்தைப் பிள்ளையின் முழங்கால்களைப் போல மழமழவென்று இருக்கும். அவருக்குத் தடித்திருந்தவை உள்ளங்கைகள். பகலில் அப்பா ஓட்டோ ஓட்டினார். பின்னேரம் ஆனதும் ஒழுங்கையின் கடைசி வீட்டுக்குப் போவார். அங்கே ஒரு அங்கிள் படுக்கையில் கிடந்தார். யாரோ ஒருவரின் கூரைக்குத் தகரம் அடிக்க ஏறி விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போன மனிதர். ஆள் நல்ல பாரம். அவருடைய மனைவி, நாங்கள் அன்ரி என்று கூப்பிடுகிறவர், காற்றடித்தால் கொடியில் சேலையோடு சேர்ந்து ஆடக்கூடிய உடம்பு. ஆகவே நாள் தவறாமல் அந்த அங்கிளைக் கழுவித் துடைத்து, பக்கம் மாற்றிப் பிரட்டிப் படுக்க வைப்பது அப்பாவின் வேலையாகிவிட்டது. அதை முடித்துவிட்டு வரும் வழியில் எப்படியும் யாராவது மறித்துவிடுவார்கள். ஒருவருக்கு ஆஸ்பத்திரி, ஒருவருக்குச் சவப்பெட்டி, ஒருவருக்குப் புதைகுழிக் கிடங்கு வெட்ட ஆள். வீட்டில் செபமாலை முடிந்து, பாணும் பருப்பும் ஆறிப்போன பிறகுதான் அப்பா வருவார்.

"பிரட்டிப் போட்டிட்டு வந்து செபமாலையில ஒரு பத்து மணியாவது சொன்னா என்ன குறைஞ்சா போவியள்?" என்பார் அம்மா.

"ஆளைப் பிரட்டிப் போடுறதுதான் என்ர செபம்," என்பார் அப்பா.

"அப்ப நான் சும்மாவா நிக்கிறன்?"

அப்பா பாணைப் பருப்பில் தோய்ப்பார். ஒருமுறை பங்குச் சுவாமி பூசையில் இதைப் பற்றியே பிரசங்கம் வைத்தார். செபமும் வேணும், சேவையும் வேணும், ஒன்றை விட்டு ஒன்று நிற்காது என்றாராம். வீடு திரும்பும்போது, சுவாமி செபத்தின் பக்கம்தான் பேசினார் என்று அம்மா சொன்னார். இல்லை, சேவையின் பக்கம் என்று அப்பா சொன்னார். பிரசங்கம் முழுவதும் நித்திரை கொண்டதால் நான் நடுநிலைமை வகித்தேன்.

இரண்டு பக்கமும் போய்வந்த ஒரே ஆள் மாமா. அம்மாவின் தம்பி. கலியாணம் முடிக்காதவர், எங்கள் வீட்டின் பின்னறையில் இருந்தார். துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் கரையில் அவருக்கு மீன்பிடிக்க ஒரு சின்னப் பிளாஸ்டிக் வள்ளமும், அதற்கு ஒரு பதினைந்து குதிரைவலு என்ஜினும் இருந்தன. கடலுக்குப் போகாத நாட்களில், செபமாலையில் அவருடைய முறை வந்தால் அந்தப் பத்து மணிகளும் அதே என்ஜின் பூட்டியதுபோல ஓடும். அம்மா கண்ணை மூடிக்கொண்டே அவருடைய தொடையில் கிள்ளுவார். முடிந்ததும் மாமா கடைசி வீட்டுக்குப் போய் அங்கிளின் கால்மாட்டைப் பிடிப்பார்.

"அங்கிள், இந்த ஒழுங்கையில பெண்சாதிட்டப் பேச்சு வாங்காமல் நிம்மதியாப் படுத்திருக்கிற ஒரே ஆம்பிளை நீங்கள்தான்," என்பார். அங்கிள் சிரிப்பார். அன்ரி துடைப்பத்தைத் தூக்குவார். நான் வாசலில் நின்று மாமாவைப் போலவே வாயைக் கோணலாக வைத்துச் சிரித்துப் பழகுவேன். இன்றைக்கும் படங்களில் என் வாய் கோணல்தான்.

ஒக்டோபர் எங்களுக்குச் செபமாலை மாதம். கோயிலிலிருந்து மாதா சுரூபத்தை எடுத்து ஒழுங்கை ஒழுங்கையாக, வீடு வீடாகக் கொண்டுபோவது வழக்கம். ஒவ்வொரு பின்னேரமும் அயலவர்கள் எல்லாரும் மெழுகுதிரியோடு பாட்டுப் பாடிக்கொண்டு வந்து சுரூபத்தை ஒரு வீட்டில் இறக்குவார்கள். அங்கே செபமாலை நடக்கும். மாதா அன்று அந்த வீட்டில் தங்குவார். மறுநாள் பின்னேரம் அடுத்த வீட்டுக்குப் பவனி. எங்கள் ஒழுங்கையில் எங்கள் வீடு கடைசிக்கு முந்தியது. எங்களுக்குப் பிறகு அந்த அன்ரி வீடு. அதோடு மாதா கோயிலுக்குத் திரும்பிவிடுவார்.

அம்மா சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். அலுமாரியிலிருந்து லேஸ் துணி எடுத்து மேசைக்கு விரித்தார். அயலில் இருந்த கதிரைகளையெல்லாம் இரவல் வாங்கினார். வாசலில் கட்டிய குருத்தோலைத் தோரணத்தை மான்கள் வந்து தின்றுவிட்டன. திருகோணமலையில் மானுக்கு எட்டுகிற உயரத்தில் எதையும் கட்டக்கூடாது என்பதை அம்மா பரபரப்பில் மறந்துவிட்டார். குற்றம் என்மேல் வந்தது. மானைக் கலைக்கும் பொறுப்பு என்னுடையதாம். நான் மானோடு கதைத்துக்கொண்டிருந்தது உண்மை.

மாதா வரும் நாளுக்கு மறுநாள் அப்பாவும் அவரோடு சேர்ந்து உதவி செய்கிற ஆட்களும் முதியோர் இல்லத்தில் மதியச் சாப்பாடு கொடுப்பதாக ஏற்பாடு. மீன் அப்பாவின் பொறுப்பு. "மச்சான், நாளைக்குக் கிழவர்மாருக்கு ஒரு நல்ல மீன்கறி வைக்கோணும், பார்த்துக்கொள்," என்று மாமாவிடம் சொல்லிவிட்டார். அம்மாவும் குசினியிலிருந்து சொன்னார்: "தம்பி, மாதா வாற நேரம் நீ வீட்டில நிக்கோணும். இந்த வீட்டில ஆம்பிளை எண்டு ஒருத்தனாவது முழங்காலில நிண்டதை மாதா பாக்கட்டும்."

"அத்தானுக்கு மீன், மாதாவுக்கு நான். ஒருத்தரையும் ஏமாத்த மாட்டன்," என்றார் மாமா.

வழக்கமாக அவர் பின்னேரம் கடலுக்கு வெளிக்கிட்டு விடிய வருகிறவர். அன்றைக்கு இரண்டு பேருக்கும் சொன்ன சொல்லைக் காப்பாற்ற மத்தியானமே வெளிக்கிட்டார். கூடப் போகிற கூட்டாளி காய்ச்சலில் படுத்திருந்தார். கிழக்கே வானம் கரிச்சட்டியின் அடியைப் போல இருந்தது. வாடைக்காற்றுத் தொடங்கப்போகிற காலம். அந்த நாட்களில் கடல் காலையில் ஒரு முகமும் பின்னேரம் ஒரு முகமும் காட்டும். எனக்கு அதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமா போகும்போது என் தலையில் குட்டி, "மருமோன், எனக்குக் கடைசிப் பத்து மணியை வையடா, நீ விழுங்கிப் போடாதை," என்றதுதான்.

மழையில்தான் மாதா வந்தார். பெண்கள் சுரூபத்துக்குப் பொலித்தீன் சுற்றியிருந்தார்கள். மெழுகுதிரிகள் எல்லாம் அணைந்து, பாட்டு மட்டும் நனைந்துகொண்டு வந்தது. செபமாலை தொடங்கியது. ஐந்தாவது தேவரகசியம் வந்ததும் அம்மா நிறுத்தினார். மாமாவுக்கென்று வைத்த கடைசிப் பத்து மணி. கூரையில் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அம்மா வாசலைப் பார்த்தார், எல்லாரும் வாசலைப் பார்த்தோம். பிறகு அம்மாவே அதைச் சொல்லி முடித்தார். வழமையைவிட மெதுவாகச் சொன்னார், யாராவது இடையில் வந்து சேர்ந்துகொள்ள வசதியாக.

கடைசி வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்த அப்பா, வாசலில் நின்றபடியே கதிரைகளை ஒருமுறை பார்த்தார். மாமா இல்லை என்று கண்டதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கரைக்குப் போய்விட்டார்.

மறுநாள் பின்னேரம் மாதாவைக் கடைசி வீட்டுக்குக் கொண்டுபோகச் சனம் வந்தது. அம்மா மேசைக்கு முன்னால் நின்றார்.

"மாதா இஞ்ச இருந்து போகமாட்டா. என்ர தம்பி வரோணும். அவன் வந்து தன்ர கையால தூக்கிக்கொண்டு வந்து அங்க வைப்பான்."

யார் மறுக்க முடியும்? அன்ரியே முன்னுக்கு வந்து அம்மாவைக் கட்டிப் பிடித்து, "இருக்கட்டும் தங்கச்சி, என்ர வீடு எங்க போகப் போகுது?" என்றார். அன்று முதல் ஒவ்வொரு பின்னேரமும் முழு ஒழுங்கையும் எங்கள் வீட்டில் கூடியது. பிறகு பக்கத்து ஒழுங்கைகளும் வந்தன. கதிரைகள் போதாமல் முற்றத்தில் பாய் விரித்தார்கள். அம்மா சமைக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இடியப்பமும் சொதியும் வந்தன, பிஸ்கட் பெட்டிகள் வந்தன. பள்ளிக்கூடத்துக்குப் போ என்று யாரும் சொல்லவில்லை. தலையைத் தடவாமல் யாரும் என்னைத் தாண்டிப் போகவில்லை. இனி ஒன்றைச் சொன்னால் நீங்கள் என்னை மன்னிக்கமாட்டீர்கள்: அந்த வீட்டில் சந்தோசமாக இருந்த ஒரே ஆள் நான்தான். மாமா எங்கேயோ ஒளிந்திருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அதற்கு முன் ஒருமுறை தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் அரை நாள் ஒளிந்திருந்து அம்மாவை அழவைத்தவர்தானே. இந்த முறை கொஞ்சம் பெரிய தாங்கி.

அப்பா ஒவ்வொரு நாளும் விடியமுன் மற்றவர்களின் வள்ளங்களில் தேடப் போனார். கடற்படைப் படகும் தேடியது. இலங்கைத்துறைப் பக்கம், மூதூர், கிண்ணியா என்று எல்லா இடத்துக்கும் போனில் சொல்லியிருந்தார்கள். அங்கத்தைய ஆட்களும் தங்கள் எண்ணெயை எரித்துத் தேடினார்கள். பொழுதுபட அப்பா உப்புப் பூத்த முகத்தோடு வருவார். செபம் நடக்கிற அறைக்குள் வராமல், பின்பக்கத்தால் போய்க் கிணற்றுக்கட்டில் இருந்துவிடுவார்.

ஒரு பின்னேரம் சனம் வருவதற்கு முன் அம்மா அங்கே போனார். நான் வாழைக்குப் பின்னால், மாமாவைப் போல ஒளிந்து பழகிக்கொண்டிருந்தேன்.

"ஒரே ஒரு நாள் எனக்குப் பக்கத்தில முழங்காலில நில்லுங்கோ. ரெண்டு பேராக் கேப்பம்."

"கடலுக்கு முழங்கால் விளங்காது. எண்ணெய்தான் விளங்கும்."

"உங்கட கிழவர்மாருக்கு மீன் வேணுமெண்டு நீங்கள்தான் கேட்டனீங்கள்."

அப்பா கிணற்றுக் கயிற்றைக் கையில் எடுத்தார். பிறகு, சத்தமில்லாமல்தான் சொன்னார்:

"உன்ர மாதாவுக்கு நேரத்துக்கு வா எண்டு நீதான் சொன்னனீ."

அம்மா முகம் கழுவிக்கொண்டு உள்ளே போய் மெழுகுதிரி கொளுத்தினார். அப்பா வாளியைக் கிணற்றுக்குள் விட்டார், இழுத்தார், தண்ணீரை அப்படியே கீழே ஊற்றினார், மறுபடி விட்டார். நான் வாழைக்குப் பின்னால் நின்று, ஆளாளுக்குச் சரியாக ஒன்று சொல்லிவிட்டார்கள், ஆகவே சண்டை சமநிலை என்று தீர்ப்பு எழுதினேன்.

நாட்கள் போகப்போக அம்மாவின் தொண்டை கட்டிவிட்டது. ஒருநாள் மாதா பிரார்த்தனையை என்னைச் சொல்லச் சொன்னார்கள். நான் மாதாவை ஒவ்வொரு பெயராகக் கூப்பிட வேண்டும். சனம் ஒவ்வொன்றுக்கும் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று மறுமொழி சொல்லும். பாதி தூரம் நன்றாகத்தான் போனேன். பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. கெட்ட யோசனை இல்லை. இத்தனை பேர் கூப்பிடும்போது மாமாவின் பக்கத்தையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டால் என்ன என்பதுதான். அதே இராகத்தில், குரலை மாற்றாமல், "மாமாவின் பதினைந்து குதிரை என்ஜினே," என்றேன்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்," என்றது முழு வீடும்.

அடுத்த கணம் பின்வரிசையில் ஒரு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். ஒரு மூதாட்டி என்னை முறைத்தார். அடி விழும் என்று நான் தோளைச் சுருக்கிக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன். அம்மா கோபிக்கவில்லை. அம்மாவுக்குத் தெரியவே இல்லை. எல்லாரோடும் சேர்ந்து அவரும்தான் அந்த மறுமொழியைச் சொல்லியிருந்தார். கண் சுரூபத்தில் இருந்தது, உதடு தன்பாட்டில் அடுத்த பெயருக்காகக் காத்துக்கொண்டிருந்தது. தப்பினேன் என்று நான் நிம்மதியாக மிச்சப் பெயர்களைச் சொன்னேன்.

அடுத்த பின்னேரம் மூன்றாவது தேவரகசியத்தில் அன்ரி வந்தார். தலை வாரியிருக்கவில்லை. இரண்டு கையும் முழங்கை வரைக்கும் ஈரம். முற்றத்துச் சனத்தைத் தாண்டி அறை வாசலில் வந்து நின்று, செபத்தின் நடுவிலேயே கதைத்தார்.

"இஞ்ச அம்பது பேர் முழங்காலில நிக்கிறியள். அங்க என்ர மனுசனைப் பிரட்டிப் போட ஒருத்தர் இல்லை."

செபம் நின்றது.

"இந்த நேரத்தில வந்து இப்பிடியா கதைக்கிறது?" என்றார் அந்த மூதாட்டி.

"வேற எந்த நேரத்தில கதைக்க? தேடப் போன மனுசனை நான் குறை சொல்லேல்லை, அவர் பாவம். நான் தனிய இழுத்து இழுத்துப் பாத்தன், ஏலாது. முதுகு தோல் உரிஞ்சு புண்ணாப் போச்சு. மணக்குது. மாதாவைத் தராட்டிப் பரவாயில்லை, ரெண்டு ஆளைத் தாங்கோ." இவ்வளவும் சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தார். உடனே அவருடைய குரல் உடைந்தது. "என்னை மன்னிச்சுக்கொள் தங்கச்சி," என்று சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு இறங்கிப் போனார்.

யாரோ ஒருவர் இருமினார். யாரோ ஒருவர் விட்ட இடத்திலிருந்து செபத்தைத் தொடங்கினார். செபமாலை முடிந்தது, பிரார்த்தனை முடிந்தது, தேத்தண்ணி குடித்தார்கள், பாவம் பாவம் என்றார்கள். எந்த வீட்டுக்கு எந்தப் பாவம் என்று எனக்குச் சரியாக விளங்கவில்லை. கடைசி வீட்டுப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை என்பதை மட்டும் கவனித்தேன். நானும் போகவில்லை. என் கையில் பிஸ்கட் தட்டு இருந்தது. முக்கியமான பதவி.

மறுநாள் அப்பா மத்தியானத்துக்கு முன்பே வந்துவிட்டார். கையில் ஒரு றெஜிபோம் மூடி. மீனுக்கு ஐஸ் போடுகிற பெட்டியின் மூடி. அதில் கறுப்பு மையில் மீசை வைத்த மீன் ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. மாமா கீறியது, தன் பெட்டியை மற்றவர்கள் மாறித் தூக்காமல் இருக்க அவர் போட்ட அடையாளம்.

"இலங்கைத்துறைக்குத் தெற்கால மிதந்தது," என்றார் அப்பா. "வேற ஒண்டும் இல்லை. இனி எண்ணெய் எரிக்க வேண்டாம் எண்டு பெடியளிட்டச் சொல்லிப்போட்டன்."

அம்மா மூடியை வாங்கி அந்த மீசையின்மேல் பெருவிரலை வைத்து ஒருமுறை தேய்த்தார். மை போகவில்லை. மூடியை அப்பாவிடமே திருப்பிக் கொடுத்தார். அழவில்லை. எனக்கோ சந்தோசம் பிடிபடவில்லை. மூடி இல்லாமல் மாமா என்ன செய்வார்? ஐஸ் கரைந்துவிடும், மீன் பழுதாகிவிடும். மூடியைத் தேடிக்கொண்டாவது இன்றைக்கு வந்தே ஆக வேண்டும். இந்தக் கணக்கை அப்பாவுக்கு விளக்கவும் செய்தேன். அவர் என்னைப் பார்த்தபடி நின்றார். பிறகு ஓட்டோவின் பின்சீட்டில் மூடியை வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்தார். வண்டி ஓட்டுகிறவர் பின்சீட்டில் இருப்பதை நான் அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன்.

அம்மா உள்ளே போய் எரிந்துகொண்டிருந்த மெழுகுதிரியை விரலால் நசுக்கி அணைத்தார். மாதாவைத் தூக்கித் தண்ணீர்க் குடத்தைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலில் இறங்கினார். மெழுகுதிரி இல்லை, பவனி இல்லை, தலையில் முக்காடுகூட இல்லை. பாட்டில்லாமல் மாதா ஒழுங்கையில் போனதை நான் கண்டதே இல்லை. யாராவது பாட வேண்டும் அல்லவா? பின்னால் ஓடிக்கொண்டு நான் ஒரு பாட்டைத் தொடங்கினேன்.

"பாடாதை," என்றார் அம்மா.

கடைசி வீட்டு வாசலில் அன்ரி திகைத்துப்போய் நின்றார். "இந்தாங்கோ. பிந்திப்போச்சு," என்று அம்மா சுரூபத்தை அவருடைய கையில் கொடுத்தார். அன்ரி ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், அம்மா அவரைத் தாண்டி அறைக்குள் போய்ச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டார். மாதாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் அன்ரி தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஓடினார்.

"கால்மாட்டைப் பிடியுங்கோ, அக்கா. நான் தோளைப் பிடிக்கிறன்."

"நீ ஏன் பிள்ளை இதெல்லாம்..." என்று அங்கிள் விக்கினார்.

"கதைக்காதேங்கோ அண்ணை. மூச்சைப் பிடியுங்கோ."

இரண்டு பெண்களுமாக அவரைப் பிரட்டினார்கள். அவருடைய முதுகை நான் பார்த்தேன். உடனே வெளியே வந்துவிட்டேன். அதைப் பற்றிப் பகிடி ஒன்றும் என்னிடம் இல்லை, அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

அம்மா பின்னேரம் வரைக்கும் அங்கேயே நின்றார். புண்ணைக் கழுவினார், மருந்து வைத்தார், துணிகளைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனார். பொழுதுபடச் சனம் செய்தி அறிந்து அன்ரி வீட்டில் கூடியது. மேசையொன்று தேடி மாதாவை அதில் ஏற்றினார்கள். நான் கிணற்றடிக்கு ஓடினேன்.

"அம்மா, செபம் துவங்கப் போகினம்."

"துவங்கட்டும்."

உள்ளே முதலாம் தேவரகசியம் கேட்டது. அம்மாவின் உதடு அசையவில்லை. படுக்கை விரிப்பைக் கல்லில் அடித்தார், பிழிந்தார், உதறினார், இன்னும் ஒன்றை எடுத்தார். அந்தப் பின்னேரத்துக்குப் பிறகு, நான் எங்கள் வீட்டை விட்டுப் படிக்கப் போகும் வரைக்கும், அம்மா செபமாலையைக் கையில் எடுத்து நான் காணவில்லை. நோயாளி வீடுகளுக்கு அவர்தான் போனார். அப்பாதான் வீட்டில் நின்றார். பிரசவம், சாவு, ஆஸ்பத்திரி எதுவென்றாலும் ஒழுங்கைச் சனம் அம்மாவைத்தான் தேடி வந்தது. மாதம் முடியச் சுவாமி பிரசங்கத்தில், பெயர் சொல்லாமல், ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொன்னார்: துன்பத்தின் நடுவிலும் ஒருவர் செபத்திலும் ஒருவர் சேவையிலுமாக எவ்வளவு அழகாகச் சமன் செய்துகொண்டார்கள் என்று. கோயில் முழுவதும் எங்கள் பக்கம் திரும்பியது. நான் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தேன். அந்த முறை நித்திரை கொள்ளவில்லை. எனக்கு ஒரு பக்கம் அப்பாவும் ஒரு பக்கம் அம்மாவும் இருந்தார்கள், இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாழ்மை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முந்திய கதை, மாதாவை அம்மா கொண்டுபோய்க் கொடுத்த அந்தப் பின்னேரம். கிணற்றடியிலிருந்து வீட்டுக்கு ஓடி வந்தேன். அம்மா செய்கிற வேலையை அப்பாவிடம் சொன்னால் எவ்வளவு சந்தோசப்படுவார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். ஓட்டோவில் அவர் இல்லை. வாசலில் செருப்பு இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன்.

இரவல் கதிரைகளுக்கு நடுவில் அப்பா முழங்காலில் நின்றார். அதே உப்புச் சட்டை. பழக்கமில்லாத முழங்கால்கள், என்னைப் போலவே ஒருதரம் இந்தக் காலுக்கும் ஒருதரம் அந்தக் காலுக்குமாகப் பாரத்தை மாற்றிக்கொண்டிருந்தார். கை கூப்பியிருக்கவில்லை. இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தது. முன்னால் மேசை. மேசையில் லேஸ் துணி, துணியில் உறைந்த மெழுகு, சுரூபம் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம். அவர் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இவ்வளவு காலம் அம்மா கெஞ்சி நடக்காதது, சுவாமி பிரசங்கம் வைத்து நடக்காதது, தன்பாட்டில் நடந்துவிட்டதே. அம்மா அங்கே வேலை செய்கிறார், அப்பா இங்கே செபம் சொல்கிறார். வீட்டுச் சண்டை தீர்ந்தது. இனி மாமா வந்து இந்தக் கூத்தைப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தேன். ஒரு மனிதன் எதையும் கேட்காமலும் முழங்காலில் நிற்கலாம் என்பதும், போவதற்கு இடம் இல்லாமல் போனால் கால்கள் தாமாக மடங்கும் என்பதும் அந்த வயதில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அப்பா பாவம், புதுசு, ஆளில்லாத மேசைக்கு முன்னால் நிற்கிறார், யாரும் அவருக்குச் சொல்லவில்லைப் போல என்றுதான் எனக்குப் பட்டது. உதவி செய்ய வேண்டும் என்று தோன்றியது.

"அப்பா, மாதா இஞ்ச இல்லை. அம்மா கொண்டுபோய்க் குடுத்திட்டா," என்றேன்.

அவர் திரும்பவில்லை.

"தெரியும்."